ஆகஸ்ட் முதலாம் திகதி: ரைன் கரையில் எந்த ஊருக்குப் போகலாம்?

சுவிஸ் தேசிய நாளை ரைன் ஆற்றங்கரையில், அதுவும் எல்லையோர ஊரொன்றில் கழிக்க நினைப்பவர்கள் ஊரைத் தேட முன்னர் நாளைத் தீர்மானிக்க வேண்டும். விடுமுறை ஆகஸ்ட் 1. ஆனால் பாசல் நகரம் ஆற்றின் மேல் நடத்தும் பெரிய வாணவேடிக்கை ஜூலை 31 இரவே முடிந்துவிடும். இது தெரியாமல் முதலாம் திகதி பின்னேரம் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பாசல் பாலத்தில் போய் நிற்பவர்கள் வெறும் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அன்றைய நகர விழா ஆற்றங்கரையில் அல்ல, புரூடர்ஹோல்ஸ் மேட்டில் நடக்கும். சிறிய ஊர்கள் பெரும்பாலும் முதலாம் திகதியில்தான் விழா வைக்கின்றன.

ஆகவே சனக்கூட்டமும் இசையும் இரவு நெடுக நடப்பதும் பிடிக்கும் என்றால் 31ஆம் திகதி பாசல். நகரசபைத் தலைவரின் பேச்சு, தேசிய கீதம், கையில் காகித விளக்கோடு சுற்றும் பிள்ளைகள், மேசையில் பக்கத்து வீட்டார் என்று ஊர் விழாவாக அனுபவிக்க வேண்டுமென்றால் முதலாம் திகதி ரைன்ஃபெல்டன் அல்லது லாவ்ஃபன்பூர்க். அடுத்த நாள் விடுமுறை என்பதால் இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும்தான். ஆனால் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதை நான் சொல்லமாட்டேன். பாசலில் வாணம் இரவு 11 மணியளவில்தான் தொடங்கும். அது முடிந்து ட்ராம் பிடித்து வீடு சேரும்போது பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருக்கும்.

பாசலில் இடம் பிடிப்பதுதான் வேலை. வாணம் ஆற்றில் நிற்கும் கப்பல்களிலிருந்து ஏறுவதால் நடுப்பாலத்துக்கு இரு பக்கமும் எங்கிருந்தும் தெரியும். பாலத்தின் மேல் நிற்க எல்லோரும் முண்டியடிப்பார்கள். கிளைன்பாசல் பக்கத்துக் கற்படிகளில் வெயில் தாழும் முன்பே விரிப்பைப் போட்டு உட்கார்ந்துவிடுவது மேல். பகலில் அதே கரையில் வேறொரு கூத்து நடக்கும். வேலை முடித்தவர்கள் கழற்றிய உடுப்பு, செருப்பு, கைபேசி எல்லாவற்றையும் மீன் வடிவப் பை ஒன்றுக்குள் திணித்து, அதன் வாயைப் பல சுற்றுச் சுருட்டிக் கொழுவிவிட்டு, அதை அணைத்தபடியே ஆற்றோடு மிதந்து போவார்கள். ‘விக்கல்ஃபிஷ்’ என்ற அந்தப் பை நீர் புகாதது. நீந்தத் தெரிந்தவர்கள் செய்து பார்க்கலாம். கிளைன்பாசல் கரையை ஒட்டியே போக வேண்டும், மறுபக்கம் சரக்குக் கப்பல்களின் பாதை. நீந்தாதவர்களுக்கு இயந்திரம் இல்லாத படகுகள் நான்கு இருக்கின்றன. ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய கம்பியில் தொங்கி, நீரின் இழுப்பால் மட்டுமே அக்கரைக்குப் போகும்.

பாசலுக்கு ஒரு குறை உண்டு. அது எல்லை நகரம்தான், ஆனால் பழைய நகரத்தில் நின்றால் ஆற்றின் இரு கரையும் சுவிஸ். எல்லையைப் பார்க்க 8ஆம் இலக்க ட்ராமில் கிளைன்ஹூனிங்கன் துறைமுகப் பக்கம் போக வேண்டும். அங்கே மூன்று நாட்டுச் சந்தியைக் காட்ட ஒரு கோபுரம் நிற்கிறது. உண்மையான சந்திப்புப் புள்ளி ஆற்றின் நடுவில், தண்ணீரில் இருக்கிறது. கோபுரத்தோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குப் பதிலாக இன்னும் கொஞ்சத் தூரம் நடந்து ஜேர்மனிக்குள் போய், 2007இல் திறந்த மூன்று நாட்டுப் பாலத்தில் ஏறுங்கள். 248 மீட்டர் நீளம், நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். இறங்கினால் பிரான்சின் ஹூனிங்.

எல்லையைத் தண்ணீருக்கு மேலாகப் பார்க்க விரும்புவோருக்கு ரைன்ஃபெல்டன்தான் சரி. பாசலிலிருந்து ரயிலில் கால் மணி நேரம். ரயிலிலிருந்தே கோட்டை போல எழும்பி நிற்கும் ஃபெல்ட்ஷ்லோசன் பியர் ஆலை தெரியும். நிலையத்திலிருந்து இறங்கி நடந்தால் பழைய தெரு, அதன் முடிவில் 1912இல் கட்டிய கல் பாலம், நடுவில் மரங்கள் நிறைந்த ஒரு தீவு. பாலத்தின் மறுமுனையில் அதே பெயரில் ஜேர்மன் ரைன்ஃபெல்டன். சுவிஸ் பக்கம் 1130இல் தொடங்கிய ஊர், மறுபக்கம் 1898இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையத்தோடு வளர்ந்த ஊர். ஆகஸ்ட் 1 வேலைநாளில் வந்தால் இந்தப் பாலம் வேடிக்கையாக இருக்கும். ஒரு முனையில் கடைகள் பூட்டி, சன்னலெல்லாம் சிவப்புக் கொடி. ஐந்து நிமிடம் நடந்தால் அங்கே தபால்காரரும் பாரவண்டியும் வழக்கமான நாளும். தீவில் பாய் போட்டுச் சாப்பிட நிழல் உண்டு. தண்ணீரில் மட்டும் அங்கே இறங்க வேண்டாம். பாலத்தடியில் சென் அன்னா குழி என்ற ஆழமான இடத்தில் நீர் சுழித்து இழுக்கும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல். அன்று பேக்கரிகளில் மேலே சிலுவை கீறி, உச்சியில் சின்னக் காகிதக் கொடி குத்திய பணிஸ் கிடைக்கும். பிள்ளைகளுக்கு அது போதும். விழா நெருப்பில் சுடும் செர்வெலா சொசேஜில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் கலந்திருக்கும், சாப்பிடாதவர்கள் கவனிக்க.

வயதானவர்களோடு அமைதியாக ஒரு நாள் என்றால் நான் லாவ்ஃபன்பூர்க்கைத்தான் சொல்வேன். பாசலிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒரே ஊராக இருந்ததை 1801இல் ஆற்றோடு இரண்டாக வெட்டினார்கள். அது வரை இங்கும் ரைன்ஃபெல்டனிலும் ஆண்டது ஹாப்ஸ்பூர்க் வம்சம். 1803இல்தான் இவை ஆர்காவ் மாநிலத்தோடு சேர்ந்தன. ஹாப்ஸ்பூர்க்கை எதிர்த்ததாகச் சொல்லப்படும், தேசிய நாள் நினைவுகூரும் 1291ஆம் ஆண்டுச் சத்தியத்தை, அதே வம்சத்தின் இடிந்த கோபுரத்தடியில் நின்று கொண்டாடும் ஊர் இது. இதை நினைத்துச் சிரிக்க முடிந்தவர்களுக்கு நகரசபைப் பேச்சு இன்னும் சுவைக்கும்.

அங்கே பழைய பாலத்தோடு நின்றுவிடாமல் புதிய பாலத்தையும் ஒருமுறை பாருங்கள். சுவிஸ் தன் உயரத்தை மத்தியதரைக் கடலை வைத்துக் கணிக்கிறது, ஜேர்மனி வட கடலை வைத்து. இரண்டுக்கும் 27 சென்ரிமீட்டர் வித்தியாசம் என்பது பொறியியலாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள். 2003இல் இரு கரையிலிருந்தும் வந்த கட்டுமானம் 54 சென்ரிமீட்டர் ஏற்ற இறக்கத்தோடு நின்றது. திருத்தித்தான் முடித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கணக்கில் குறி ஏன் முக்கியம் என்று காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ரைன்ஃபெல்டனுக்கும் லாவ்ஃபன்பூர்க்குக்கும் நடுவே, அதே ரயில் பாதையில் ஷ்டைன் இருக்கிறது. அங்கிருந்து ஜேர்மனியின் பாட் சேக்கிங்கனுக்குப் போகும் கூரை போட்ட மரப்பாலம் 200 மீட்டருக்கு மேல் நீளம். மழை என்றாலும் கொடும் வெயில் என்றாலும் ஒதுங்க ஏற்ற இடம். ரைன் அருவி அழகுதான், ஆனால் அது இந்தக் கணக்கில் வராது, அங்கே எல்லை கண்ணுக்குத் தெரியாது. வாகனத் தரிப்பிடத்துக்கு அலைவதே அன்றைய வேலையாகிவிடும்.

இனி எல்லை. 2008 டிசம்பரில் சுவிஸ் ஷெங்கனுக்குள் வந்ததால் பாலத்தில் வழக்கமாக யாரும் மறிப்பதில்லை. மறிக்கவில்லை என்பதற்காக எல்லோரும் போகலாம் என்று அர்த்தமில்லை. பி, சி வதிவிட அட்டை உள்ளவர்கள் கடவுச்சீட்டையும் அந்த அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு போகலாம். என், எஃப் அட்டையில் இருப்பவர்கள் முன்கூட்டியே அனுமதி எடுக்காமல் மறுகரைக்குப் போகக்கூடாது. படம் எடுக்க ஐந்து நிமிடம் போவதும் போவதுதான். அப்படி ஒருவர் உங்கள் கூட்டத்தில் இருந்தால் பாசலைத் தெரிவு செய்யுங்கள். அங்கே பாலம் தாண்டினாலும் சுவிஸ்தான், யாரும் தனித்து இக்கரையில் நிற்க வேண்டியதில்லை.

ஜேர்மன் பக்கம் கடை திறந்திருக்கிறது என்று அன்றைக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் ஏராளம், கார் வரிசையும் அதற்கேற்ப. 2025 ஜனவரியிலிருந்து ஆளுக்கு 150 பிராங் வரைதான் வரியில்லை, முன்பு 300ஆக இருந்தது. இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோ, மீன் அந்த ஒரு கிலோவில் சேராது. 2027இல் ஆகஸ்ட் 1 ஞாயிற்றுக்கிழமை, இரு கரையும் பூட்டு. இன்னொன்று, ஆற்றங்கரையில் நிற்கும்போது கைபேசி ஜேர்மன் அலையைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங்கை நிறுத்திவிட்டுப் போனால் மாத முடிவில் கட்டணத்தைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம்.

கோடை வறண்டு போனால் மாநிலங்கள் வாணவேடிக்கையையும் விழா நெருப்பையும் தடை செய்யும். 2018இல் பல மாநிலங்களில் அப்படித்தான் நடந்தது. தடை ஆர்காவில் ஒருவிதமாகவும் பாசலில் இன்னொரு விதமாகவும் இருக்கலாம். வாணத்துக்காக மட்டுமே போகிறவர்கள் அன்று காலை மாநில அறிவிப்பைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.