சர்க்கரைக்குப் பின்னால் ஒரு கணக்கு



இந்த மாதப் பாடம் சர்க்கரையைப் பற்றியது. நாம் தினமும் டீயில் போடுகிற அதே சர்க்கரைதான். கடையில் கிலோ என்ன விலை, ரேஷனில் என்ன விலை என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்த விலையில் சேராத செலவு ஒன்று இருக்கிறது. அதைக் கரும்பு வெட்டும் பெண்கள் தங்கள் உடம்பால் கட்டுகிறார்கள். இந்தப் பாடத்தைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டு, கடைசியில் உள்ள கேள்விகளைக் கலந்து பேசுங்கள்.

யார் இந்தப் பெண்கள்?

மகாராஷ்டிராவில் மராட்வாடா என்று ஒரு பகுதி. மழை குறைவு, அடிக்கடி வறட்சி. அதில் பீட் என்பது ஒரு மாவட்டம். தீபாவளியை ஒட்டி அந்த மாவட்டத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் பூட்டு தொங்கும். பல லட்சம் பேர் கோலாப்பூர், சாங்லி, சத்தாரா, சோலாப்பூர் பக்கமும் கர்நாடகாவுக்கும் கரும்பு வெட்டப் போய்விடுவார்கள். திரும்பி வர பங்குனி, சித்திரை ஆகும். அதுவரை வயல் ஓரத்தில் கூடாரம்தான் வீடு.

அங்கே ஆளைத் தனியாக வேலைக்கு எடுப்பதில்லை. கணவன், மனைவி இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கணக்கு. அதற்கு ‘ஒரு கோய்தா’ என்று பெயர். கோய்தா என்றால் கரும்பு வெட்டும் கொடுவாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அட்வான்ஸ். அதைப் பெரும்பாலும் கணவன் கையில்தான் மேஸ்திரி கொடுக்கிறார். மனைவி பேரில் தனிக் கூலி கிடையாது, கையெழுத்தும் கிடையாது. ஜோடியாகப் போனால்தான் வேலை என்பதால் பதினெட்டு வயது ஆகும் முன்பே பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து அனுப்புவதும் அங்கே நடக்கிறது.

சர்க்கரை ஆலை ராத்திரி பகல் ஓடும். வெட்டின கரும்பு காய்ந்தால் அதில் சர்க்கரை குறைந்துவிடும். அதனால் வெட்டிய உடனே ஆலைக்குப் போக வேண்டும். லாரி நடுராத்திரி வந்தாலும் எழுந்து ஏற்றித்தான் ஆகணும். விடியும் முன்னே சமைத்து, பகல் முழுக்க வெட்டி, கட்டி, முப்பது நாற்பது கிலோ கட்டைத் தலையில் சுமந்து வண்டியில் ஏற்றுவது பெண்தான். இத்தனையும் செய்பவளை ‘எங்கள் தொழிலாளி’ என்று ஆலை சொல்வதில்லை. மேஸ்திரி கொண்டு வந்த ஆள் என்று கையை விரித்துவிடும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

நமக்குக் கணக்கு நோட்டு புதுசு இல்லை. சந்தா, உள்கடன், வட்டி எல்லாம் எழுதிப் பழகியவர்கள் நாம். இந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

2024 ஜனவரியில் மகாராஷ்டிராவில் வெட்டுக்கூலி 34 சதவீதம் கூடியது. கூடிய பிறகு ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 365 ரூபாய். ஒரு ஜோடி ஒரு நாளைக்கு 2 டன் வெட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

- ஒரு நாள் கூலி இரண்டு பேருக்கும் சேர்த்து 730 ரூபாய்.
- அட்வான்ஸ் 1 லட்சம் ரூபாய் என்றால் அதைக் கழிக்க 274 டன் வெட்ட வேண்டும்.
- ஒரு நாள் கூட லீவு இல்லாமல் வெட்டினாலும் 137 நாள் ஆகும். அதாவது நாலரை மாதம்.

யோசிச்சுப் பாருங்க. சீசன் முழுக்க உழைத்தது முன்பே வாங்கிச் செலவான பணத்துக்கே சரியாகிவிட்டது. வாரச் செலவுக்கு மேஸ்திரி கொடுப்பது தனி. அது கடனில் ஏறும். கடன் மிச்சமிருந்தால் அடுத்த வருஷமும் அதே மேஸ்திரியிடம்தான் போகணும்.

இன்னொரு கணக்கு. 1 டன் கரும்பில் ஏறக்குறைய 100 கிலோ சர்க்கரை கிடைக்கும். அப்படியானால் 1 கிலோ சர்க்கரையில் கரும்பு வெட்டிய கணவன் மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்துக் கிடைப்பது 4 ரூபாய் கூட இல்லை.

கடைசியாக ஒன்று. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம் உண்டு. பல இடங்களில் அது 500 ரூபாய். மாதவிலக்கு, வயிற்று வலி, காய்ச்சல் எதுவானாலும் அபராதம்தான். மாதம் மூன்று நாள் வலியில் படுத்தால் 1,500 ரூபாய். ஐந்து மாதத்தில் 7,500 ரூபாய். அன்றைய கூலியும் போச்சு.

உடம்பு என்ன ஆகிறது?

கூடாரத்தில் கழிப்பறை இல்லை. குளிக்க மறைவு இல்லை. தண்ணீரைத் தூரத்தில் இருந்து சுமக்க வேண்டும். மாதவிலக்குத் துணியை அலசி வெயிலில் காயவைக்க இடமில்லை. ஒதுங்க இடமில்லை என்று பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். விளைவு நீர்க்கடுப்பு, வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி. பாரம் தூக்கித் தூக்கி இடுப்பு வலியும் சேரும்.

இதில் பாதிக்கு மேல் மாத்திரை, சுத்தமான தண்ணீர், ஓய்வு இவற்றில் தீரக்கூடியவை. ஆனால் ஓய்வுக்கு அபராதம். அரசு ஆஸ்பத்திரி தூரம். வலி தாங்காமல் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால், “கர்ப்பப்பை கெட்டுப் போச்சு, எடுக்காவிட்டால் கேன்சர் வரும்” என்று பலரிடம் சொல்லியிருக்கிறார்கள். குழந்தை பெற்றாயிற்று, இனி எதற்கு அந்தப் பை, எடுத்துவிட்டால் மாதாமாதம் தொல்லையும் இல்லை, அபராதமும் இல்லை என்று பெண்களும் நினைத்துவிட்டார்கள். ஆபரேஷன் செலவுக்கு மறுபடியும் மேஸ்திரியிடமே அட்வான்ஸ். கடனுக்காக வெட்டப் போனவள், வெட்டுவதற்காக உடம்பை அறுத்து, அதற்காக மறுபடி கடன்காரி ஆகிறாள்.

2019-ல் இந்தச் செய்தி பத்திரிகைகளில் வந்தது. மகாராஷ்டிரா அரசு, சட்ட மேலவைத் துணைத் தலைவர் நீலம் கோர்ஹே தலைமையில் ஒரு குழு அமைத்தது. பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 82,000-க்கும் மேற்பட்டோரிடம் கணக்கெடுத்தார்கள். அதில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. நூறு பேரில் 17 பேர். பலருக்கு நாற்பது வயது கூட ஆகவில்லை. இந்தியா முழுவதும் எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூறுக்குச் சுமார் 3 பேருக்குத்தான் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருக்கிறது. வித்தியாசத்தைப் பாருங்கள்.

பீட் மாவட்டத்தோடு முடிந்ததா?

இல்லை. 2015-16 குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஆந்திராவில் நூறுக்குச் சுமார் 9 பேர், தெலங்கானாவில் சுமார் 8 பேர், பீகாரில் 5 பேர். ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுத்தார்கள், இன்சூரன்ஸ் பணத்துக்காகவும் எடுத்தார்கள் என்று டாக்டர் நரேந்திர குப்தா உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டார். மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் இதற்கு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. எல்லா மாநிலங்களும் அதை மூன்று மாதத்துக்குள் ஏற்று நடத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் நீதிமன்றம் உத்தரவிட்டது. மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழு வேண்டும் என்பதும் அந்த நெறிமுறையில் உண்டு.

பீட் மாவட்டத்திலும் மாற்றம் வந்திருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை எடுக்க மாவட்ட அரசு மருத்துவ அதிகாரியின் அனுமதி வேண்டும் என்று 2019-க்குப் பிறகு விதி வந்தது. கரும்பு வெட்டும் தொழிலாளர்களுக்கு நல வாரியமும் அமைந்தது. அதற்கு ஆலைகள் டன்னுக்கு 10 ரூபாய் கட்ட வேண்டும் என்று ஏற்பாடு. பெண்கள் வாய் திறந்து பேசியதாலும், சில பெண்கள் அமைப்புகள் விடாமல் கேட்டதாலும் வந்த மாற்றம் இது. ஆனால் ஜோடிக் கணக்கும், அட்வான்ஸும், அபராதமும் இருக்கும் வரை வேர் அப்படியே இருக்கிறது.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டங்களில் இருந்து அட்வான்ஸ் வாங்கிக் கரும்பு வெட்டப் போகும் குடும்பங்கள் உண்டு. செங்கல் சூளைக்குப் போவோரும் உண்டு. கிராமக் கூட்டங்களுக்கு நாங்கள் போகும்போது, “எனக்குப் பை எடுத்தாச்சு” என்று சாதாரணமாகச் சொல்லும் சகோதரிகளைப் பார்க்கிறோம். எதற்காக எடுத்தார்கள் என்று கேட்டால் பலருக்குத் தெரியவில்லை. அதனால்தான் அடுத்த பகுதி.

கர்ப்பப்பை பற்றித் தெரிந்துகொள்வோம்

கர்ப்பப்பை எடுப்பது சில நேரங்களில் அவசியம். புற்றுநோய், மருந்துக்கு அடங்காத பெரிய கட்டி, நிற்காத ரத்தப்போக்கு, அதிகமான அடி இறக்கம் போன்றவற்றில் அது உயிரைக் காக்கும். அப்படிப்பட்டவர்கள் பயந்து தள்ளிப்போட வேண்டாம்.

வெள்ளைப்படுதல், சாதாரண வயிற்று வலி, இடுப்பு வலி இவற்றுக்காக மட்டும் கர்ப்பப்பையை எடுக்கத் தேவையில்லை. நாற்றமோ அரிப்போ இருக்கும் வெள்ளைப்படுதல் பெரும்பாலும் கிருமித் தொற்று. மாத்திரையில் குணமாகும். சில தொற்றுகளுக்குக் கணவனும் சேர்ந்து மருந்து எடுக்கணும். அதிக ரத்தப்போக்குக்கும் மாத்திரை முதல் பல வழிகள் உள்ளன.

ஆபரேஷனில் சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால், மாதவிலக்கு நிற்கும் வயதில் வரும் கஷ்டங்கள் முப்பது வயதிலேயே வரும். உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும், தூக்கம் வராது, எலும்பு பலம் குறையும், இதய நோய் வரும் வாய்ப்பு கூடும். சினைப்பையை விட்டு வைத்தாலும் சிலருக்கு இவை சீக்கிரம் வரலாம். ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்தது ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. அட்வான்ஸ் வாங்கியவளுக்கு ஆறு வாரம் யார் கொடுப்பார்கள்?

டாக்டர் ஆபரேஷன் என்று சொன்னால் கேட்க வேண்டியவை

1. எனக்கு என்ன நோய்? சீட்டில் எழுதிக் கொடுங்கள்.
2. ஸ்கேன், பரிசோதனை செய்தீர்களா? அந்த ரிப்போர்ட் எனக்கு வேண்டும்.
3. மருந்தில் சரிசெய்ய முடியாதா? எத்தனை நாள் பார்க்கலாம்?
4. சினைப்பையையும் எடுப்பீர்களா? ஏன்?
5. உடனே செய்யணுமா, இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டு வரலாமா?

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நம் உடம்பு, நாம் கேட்கிறோம். அவசரம் இல்லாத எந்த ஆபரேஷனுக்கும் முன்னால் அரசு ஆஸ்பத்திரி மகளிர் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். காப்பீட்டு அட்டை இருக்கிறது, செலவில்லை என்பதற்காக யாரும் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கக் கூடாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். 30 வயது தாண்டியவர்கள் குழுவாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பயமுறுத்தலுக்கு நல்ல பதில் அதுதான்.

ஏற்கெனவே எடுத்துவிட்ட சகோதரிகள் மனம் தளர வேண்டாம். கேழ்வரகு, கீரை, பால், எள் சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை வருஷத்துக்கு ஒருமுறை பாருங்கள். சினைப்பை இருக்கிறதா என்று பழைய சீட்டைக் கொண்டுபோய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில்

வாங்கிய தொகை, டன் கூலி, தினமும் வெட்டிய அளவு மூன்றையும் சொந்த நோட்டில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குக் குழு எழுதிக் கொடுக்கட்டும். அட்வான்ஸைக் காட்டி ஊருக்கு விடாமல் வைத்திருப்பது குற்றம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976 முதல் நடைமுறையில் இருக்கிறது. கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். வைகாசி, ஆனி மாதக் கஷ்டத்துக்குக் குழு உள்கடன் கிடைத்தால் பல குடும்பங்கள் மேஸ்திரி வாசலுக்குப் போகவே வேண்டாம்.

சர்க்கரையை விட்டு வெல்லத்துக்கு மாறினால் பாவம் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். வெல்லத்துக்கும் கரும்பை ஒருத்தி வெட்டத்தான் வேண்டும். அவளுக்கு நியாயமான கூலி, தண்ணீர், கழிப்பறை, மாதம் சில நாள் அபராதம் இல்லாத ஓய்வு கிடைக்க வேண்டும். நாம் கேட்க வேண்டியது அதைத்தான்.

குழுவில் கலந்து பேச

1. நம் குழுவில், நம் தெருவில் கர்ப்பப்பை எடுத்தவர்கள் எத்தனை பேர்? அப்போது என்ன வயது? என்ன காரணம் சொன்னார்கள்? (விருப்பம் உள்ளவர்கள் மட்டும் சொல்லட்டும்.)
2. நம் ஊரில் அட்வான்ஸ் வாங்கி வெளியூர் போகும் குடும்பங்கள் எவை? எந்த மாதத்தில் வாங்குகிறார்கள்? அந்த மாதத்தில் குழு என்ன செய்ய முடியும்?
3. வேலை செய்யும் இடத்தில் கழிப்பறையும் தண்ணீரும் நமக்கு இருக்கிறதா? இல்லையென்றால் யாரிடம் கேட்பது?

பேசி முடிவெடுத்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஊக்குநர் கொண்டு வாருங்கள். எல்லாக் குழுக்களின் கணக்கையும் சேர்த்தால் நம் வட்டாரத்தின் நிலை தெரியும். அதை எடுத்துக்கொண்டு மருத்துவ அதிகாரியை நாம் சேர்ந்தே போய்ப் பார்ப்போம்.