வானம்பாடியும் யாப்பும்

யாப்பு வழுவாது பாடுவதே கவிதை எனக் கற்றுவந்த எமக்கு, 1971ஆம் ஆண்டிலே கோவையிற் பிறந்த ‘வானம்பாடி’ என்னும் கவிதையிதழ் முதற்கண் மருட்சியே தந்தது. அசை, சீர், தளை என்பன ஆங்கில்லை. விலையும் இல்லை; வேண்டுவோர்க்கு விலையின்றியே வழங்கப்பெற்றது.

இதனைச் சார்ந்து நின்ற புவியரசு, ஞானி, சிற்பி, முல்லை ஆதவன், அக்கினிபுத்திரன் முதலியோருட் சிலர் தமிழாசிரியர். ஆதலின், அவர் இலக்கணம் அறியாமையால் யாப்பைத் துறந்தாரல்லர். பின் எற்றுக்குத் துறந்தனர்? 1959இல் சென்னையிலே சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழிலேயே புதுக்கவிதை வேரூன்றிற்று. எனினும் அது பெரும்பாலும் தனிமனிதன் அகத்துயரையே நோக்கிற்று. பஞ்சாலைகள் சூழ்ந்த கோவையிலோ வறுமையும் சாதிக்கொடுமையும் கவிஞரைப் புறநோக்கச் செய்தன. உழைப்பாளி செவியிற் புகவேண்டிய சொல்லுக்கு மோனையினும் வேகமே வேண்டுமென அவர் கருதினர் போலும்.

குறையும் உண்டு. தீயும் விடியலும் சூரியனும் அளவின்றி வந்து, கவிதை முழக்கமாய் முடிந்த இடங்கள் பல.

எம் தந்தையார் பஞ்சாலைத் தொழிலாளர். எம் வெண்பாக்களைக் கேட்டால் ‘நன்று’ என்று கூறிக் கண்ணயர்வார். அவ்விதழ்க் கவிதையொன்றை யாம் படித்த இரவில் மறுமுறையும் படிக்கச் சொன்னார். பின், “இதை எழுதியவர் ஆலையில் வேலை செய்தவரா?” என வினவினார். ஆசிரியர் என்றோம். நெடுநேரம் வாளாவிருந்தார்.