தசைச் சிதைவு நோயும் நமது கடமையும்

புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு 1823-ஆம் ஆண்டு ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவிற்று. அதன் வழிவந்த ஜிப்மர் மருத்துவமனை கோரிமேட்டில் விளங்குகிறது. கடலூர், விழுப்புரம் மாவட்டத்துக் கிராம மக்களும் அதனை நாடிச் செல்கின்றனர். அத்தகைய பெரிய மருத்துவமனைக்குக் காலத்தில் அனுப்ப வேண்டிய நோய்களுள் ஒன்று, பிள்ளைகளுக்கு வரும் தசைச் சிதைவு நோய். அதனை நாம் அறிந்துகொள்வது அவசியம்.

இந்நோயின் கடுமையான வகை பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே பற்றுகிறது. 2 முதல் 5 வயதுக்குள் குழந்தை அடிக்கடி விழும், படியேறத் திணறும், தரையிலிருந்து எழும்போது முழங்காலிலும் தொடையிலும் கையூன்றி நிமிரும். ஆயினும் கெண்டைக்கால் பருத்துத் திரண்டிருக்கும். அதைக் கண்டு, ஓட மறுப்பது சோம்பல் என்று பெரியோர் எண்ணிவிடுகின்றனர். காலம் வீணாகிறது.

பருத்த காலினுள் இருப்பது யாது? பிரெஞ்சு மருத்துவர் துஷேன் சிறு கருவியொன்றால் நோயாளியின் தசையில் துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். 1868-இல் விரிவாக எழுதினார். தசை நார்களுக்கிடையே நார்த்திசுவும் கொழுப்பும் மிகுந்திருந்தன. கோரை மண்டிய வயல் தொலைவில் பசுமையாகத் தோன்றினும் கதிர் தருமோ? இக்காலின் பருமனும் அத்தகையதே.

இதன் காரணம் 1987-இல் தெளிவாயிற்று. டிஸ்டிரோபின் என்னும் புரதம் தசை நாரின் மெல்லிய உறையைத் தாங்கி நிற்கிறது. அதற்குரிய மரபணு பழுதுற்றால், தசை இயங்கும்தோறும் உறை கிழிந்து நார் மடிகிறது. உடல் புது நார்களை வளர்க்கிறது. அவையும் அதே குறையுடன் தோன்றி மடிகின்றன. நாளடைவில் புதுப்பிக்கும் ஆற்றல் குன்ற, கொழுப்பும் நார்த்திசுவும் அவ்விடத்தை நிரப்புகின்றன.

ஆகையால் இக்குழந்தையை ஓடவைத்தும் பளு தூக்கவைத்தும் வலிமையூட்ட முயலலாகாது. இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் மிக உயர்ந்திருப்பின் ஐயம் வலுக்கும். மரபணுப் பரிசோதனை அதனை உறுதி செய்யும். முற்றும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும் மருத்துவர் மேற்பார்வையில் தரும் ஸ்டீராய்டு மருந்தும், மென்மையான நீட்டல் பயிற்சியும், இருதயம், சுவாசம் ஆகியவற்றின் தொடர் கண்காணிப்பும் பிள்ளை நடக்கும் காலத்தையும் ஆயுளையும் நீட்டிக்க வல்லவை.

பழுதுற்ற மரபணு தாய்வழி வரலாம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அது புதிதாகவே தோன்றுகிறது. தாயைப் பழித்தல் அறியாமை. மரபணுவைத் தாங்கிய தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஆதலின் அவளும் அவளுடைய சகோதரிகளும் கருவுறுமுன் மருத்துவ ஆலோசனை பெறுதல் நலம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. சான்றிதழ் பெறக் குடும்பத்திற்குத் துணைநிற்பதும், பள்ளி வாயிலில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் அமைப்பதும் பஞ்சாயத்து உறுப்பினர்தம் கடமை. கால் ஓய்ந்த பிள்ளைக்குக் கல்வி ஓயலாகாது.