காதுக்குக் காட்டும் வானம்

வானத்தைப் படமெடுத்து இணையத்தில் பகிரும் காரைக்குடிப் பிள்ளைகளே, குழுவுக்கு ஆள் சேர்க்க பாட்காஸ்ட் தொடங்கப் போவதாகச் சொன்னீர்கள். நல்ல காரியம். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

1. படத்தைக் குரலால் எப்படிக் காட்டுவது என்று தயங்க வேண்டாம். 2007 ஜூலையில் 'கேலக்ஸி ஸூ' என்ற இணையத் திட்டம் தொடங்கியபோது அந்தச் செய்தி பிபிசி வானொலியில் போனது. சுமார் 9 லட்சம் விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பொதுமக்களே பார்த்து, சுருளா நீள்வட்டமா என்று பிரித்துத் தர வேண்டும். ஒரு நாளுக்குள் மணிக்கு 70,000 என்ற வேகத்தில் பிரித்துத் தள்ளினார்கள். முதல் ஆண்டில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அவர்களை இழுத்தது வர்ணனை என்று நான் நினைக்கவில்லை. உங்கள் கண் எங்களுக்கு வேண்டும் என்று கேட்டதுதான். ஒவ்வொரு எபிசோடிலும் கேட்பவருக்கு ஒரு வேலை கொடுங்கள்.

2. அந்த வேலை நம் மொட்டைமாடியில் செய்யக்கூடியதாக இருக்கட்டும். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு 10 டிகிரி வடக்கே இருக்கிறது. மே மாத இரவில் தெற்கே 30 டிகிரிக்குச் சற்று மேலே ஒமேகா சென்டாரி நிற்கும். சுமார் ஒரு கோடி விண்மீன்கள் திரண்ட கொத்து. லண்டனில் அது உதிப்பதே இல்லை. அதே சமயம் துருவ நட்சத்திரம் நமக்கு வெறும் 10 டிகிரி உயரத்தில் கிடக்கிறது. ஒரு தென்னந்தோப்பு போதும், மறைத்துவிடும்; டெலஸ்கோப்பை வடக்குக்குச் சீர்செய்யத் திண்டாடுகிறோம். யாழ்ப்பாணத்திலும் இதே பாடுதான், சிங்கப்பூரில் இன்னும் மோசம். இந்தச் சிக்கலை விரிவாகப் பேசுங்கள். அங்கே கேட்கும் தமிழர்கள் தங்கள் வழியைச் சொல்ல வருவார்கள்.

3. நம் செட்டிநாட்டு வீட்டு வளவில் உட்கார்ந்து பதிவு செய்யாதீர்கள். உயர்ந்த கூரை, வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடித் தரைக்கல் எல்லாமே குரலைத் திருப்பி அடிக்கும். மெத்தை, துணிமணி அடைந்த சின்ன அறை போதும்.

4. 'அற்புதம், அழகு' என்று அடுக்காமல், எடுத்த விதத்தைச் சொல்லுங்கள்: எந்த ஊர், எந்த இரவு, ஒரு படத்துக்கு எத்தனை விநாடி, எத்தனை படங்களை அடுக்கி ஒன்றாக்கியது. ஒரியன் நெபுலா படத்தில் தெரியும் சிவப்பு ஹைட்ரஜனின் நிறம். கேமரா ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருப்பதால் கிடைப்பது. கண்ணால் பார்த்தால் சாம்பல் நிறப் புகைதான். இதை மறைக்கவே கூடாது. சிறிய டெலஸ்கோப்பில் முதன்முதலாகக் கண் வைக்கும் பிள்ளை அந்தச் சிவப்பைத் தேடி ஏமாந்தால் மறுபடி வராது.

5. 'இது என்ன?' என்று கேட்பவருக்கு முதலிடம் கொடுங்கள். கேலக்ஸி ஸூ படமொன்றில் ஒரு விநோதத் திட்டைப் பார்த்து அப்படிக் கேட்டவர் ஹானி வான் ஆர்கெல், நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை. வானியலாளர்களுக்கும் விடை தெரியவில்லை. பக்கத்து மண்டலத்தின் நடுவே முன்பு எரிந்த குவேசாரின் ஒளி பட்டு மின்னும் வாயு என்று பிறகு விளங்கியது. அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

6. ஐப்பசி, கார்த்திகையில் மழை வானத்தை மூடும். அப்போது பழைய படங்களைப் பேசுங்கள். கொடைக்கானல் ஆய்வகம் 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் கணினியில் ஏற்றப்பட்டுப் பொதுவில் இருக்கின்றன. 2019 டிசம்பர் 26 காலை கங்கண சூரிய கிரகணம் நம் மாவட்டத்தின் மேலேயே போனது. அன்று மரத்தடியில் வளையம் வளையமாக வெயில் விழுந்ததைப் பார்த்தவர்களைத் தேடிப் பேசவையுங்கள். அந்தக் குரல்களுக்கு ஈடான விளம்பரம் கிடையாது.

7. படம் எடுத்தவர் பெயரை ஒருபோதும் விடாதீர்கள். பள்ளிப் பிள்ளைகள் என்றால் வீட்டில் சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. முதல் எபிசோடை தை அல்லது மாசி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் வெளியிடுங்கள். நிலா தொந்தரவு இருக்காது. முன்னிரவில் தெற்கே அகத்திய நட்சத்திரம் பளிச்சென்று தெரியும்; ஸ்டாண்டில் வைத்த செல்போனுக்கு 10 விநாடி போதும். வந்து சேரும் படங்கள் மங்கலாக இருந்தாலும் அடுத்த எபிசோடில் ஒவ்வொன்றையும் பற்றிப் பேசுங்கள்.