தணிக்கை அறிக்கையில் மண் எங்கே இருக்கிறது?

நச்சுக் கழிவு கிடந்த ஓர் இடத்தைச் சுத்தம் செய்தாயிற்று என்கிறது அரசு என்று வைத்துக்கொள்வோம். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) தணிக்கை அறிக்கையும் சட்டமன்றத்துக்கு வந்துவிட்டது. கையில் கிடைத்ததும் எல்லோரும் முன்னால் உள்ள சுருக்கத்தைப் படிப்பார்கள். அதை விடுங்கள். எதை வைத்து மதிப்பிட்டார்கள் என்று சொல்லும் ‘தணிக்கை அளவுகோல்கள்’ பகுதிக்குப் போங்கள்.

தணிக்கைக் குழு பெரும்பாலும் பார்ப்பது கோப்புகளைத்தான். விதியிலும் ஆணையிலும் சொன்ன வேலை நடந்ததா, காலத்தோடு நடந்ததா, பணம் எங்கே போனது? மாசுபடுத்திய நிறுவனமே செலவழித்துச் சுத்தம் செய்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒழுங்காக மேற்பார்வையிட்டதா என்பதோடு சரி. வகுத்த வரம்பே போதுமானதா என்ற கேள்வி அநேகமாக எழாது.

கொடைக்கானலில் பாதரச வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்டது. அங்கே மண்ணில் பாதரசத்துக்கு வகுத்த வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். பாம்பார் சோலைக்காட்டுக்கு மேலே உள்ள இடத்துக்கு இது ரொம்பத் தளர்வு என்று சூழலியலாளர்கள் வாதாடினார்கள். கோப்பைப் பொறுத்தவரை 19 என்றால் சுத்தம், 21 என்றால் குறை. வரம்பை யார், எந்தப் பயன்பாட்டை மனத்தில் வைத்து வகுத்தார்கள் என்று தேடுவது உங்கள் வேலை.

அடுத்தது மாதிரி முடிவுகள். பலரும் வழுக்குவது இங்கேதான். சராசரியை நம்பவே நம்பாதீர்கள். மூன்று குழியில் 5, நான்காவதில் 60 என்றால் சராசரி 18.75, தாளில் 20-க்குள் அடங்கிவிடும், அந்தக் குழி அப்படியே கிடக்கும். குழிவாரியாக எண் வேண்டும். ஆழமும் தேதியும் வேண்டும். மாதிரிப் பையின் சீட்டு எண்ணும் ஆய்வகப் பதிவேட்டு எண்ணும் பொருந்துகிறதா பாருங்கள். பாதரசம் என்றால் இன்னொன்று: மண்ணைச் சூடேற்றி உலர்த்தினால் பாதரசம் ஆவியாகி எண் குறையும். எப்படி உலர்த்தினார்கள் என்று கேளுங்கள்.

இந்த அட்டவணைகள் அறிக்கையில் கிடைப்பது அபூர்வம். வாரியத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனுப் போடுங்கள்: கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் ஒன்றும் வராது. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். கோப்பை நேரில் பார்வையிடக் கேட்பது அதைவிட நல்லது. பொருள்களின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் அந்தச் சட்டத்தில் வழியுண்டு, யாரும் பயன்படுத்துவதில்லை! சட்டமன்றத்தில் வைக்காத தணிக்கை வரைவை மட்டும் கேட்காதீர்கள், சட்டமன்ற உரிமை மீறல் என்று திருப்பிவிடுவார்கள்.

நேரமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி. தணிக்கை அறிக்கையில் துறை தந்த பதிலுக்குக் கீழே ‘பதில் ஏற்கத்தக்கதல்ல’ என்ற பொருளில் ஒரு வரி வரும். அது வரும் பத்திகளை மட்டும் படியுங்கள். அறிக்கையைப் பரிசீலிக்கும் சட்டமன்றப் பொதுக் கணக்குக் குழுவுக்கு எழுதும்போது அந்தப் பத்தி எண்ணைப் போட்டு, குழிவாரி அட்டவணையை இணையுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம்.