சில்லுக்கு ஒரு பிளாஸ்மா குளியல்

கேள்வி: பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் சில்லுகளைப் பிளாஸ்மாவில் சுத்தம் செய்கிறார்களாமே, எப்படி? – வாசகர், ஜார்ஜ் டவுன்

பதில்: 1972-இல் இன்டெல் நிறுவனம் வந்த காலத்திலிருந்தே பினாங்கின் கைத்திறன், சில்லைப் பொதிந்து பரிசோதிப்பதில்தான். சில்லை வெளிச்சுற்றோடு இணைப்பது முடியைவிட மெல்லிய தங்க அல்லது செம்புக் கம்பி. அது ஒட்டும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருந்தாலே பிடிப்பு போச்சு! துணியால் துடைக்கவா முடியும்?

அதனால்தான் பிளாஸ்மா. காற்றை உறிஞ்சியெடுத்த பெட்டிக்குள் கொஞ்சம் ஆர்கான் வாயுவை விட்டு, பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனிகளாகின்றன; இந்தக் கலவைதான் பிளாஸ்மா. உள்ளே ஊதா ஒளி. அயனிகள் மோதி அழுக்கைப் பெயர்த்தெறிகின்றன. எலக்ட்ரான்களின் வெப்பநிலை பல்லாயிரம் டிகிரி. ஆனாலும் வாயு அவ்வளவு சூடாவதில்லை, சில்லு தப்பிக்கிறது.

ஆர்கானுக்குப் பதில் ஆக்சிஜனைச் செலுத்தினால் எண்ணெய்க் கறை கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறிப் பறந்துவிடும். செம்பில் மட்டும் அது ஆகாது, செம்பே ஆக்சைடாகிவிடும். அங்கே ஆர்கானோடு ஹைட்ரஜன் கலப்பதுண்டு.

வேலை முடிந்ததா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். முன்பு தாமரை இலையில் நிற்பதுபோல் திரண்டு நின்ற சொட்டு, இப்போது பரப்பெங்கும் படர்ந்துவிடும். ஆனால் இந்தச் சுத்தம் நெடுநேரம் நிலைக்காது. திறந்து வைத்தால் மறுபடி படலம் ஏறும். ஆகவே தாமதிக்காமல் கம்பி பொருத்தியாக வேண்டும்.