ஏழை சொல் அம்பலம் ஏறுமா?



ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது பழமொழி. ஏறாவிட்டால் நட்டம் ஏழைக்கு மட்டுந்தானா? நமது மட்டக்களப்பு வாவிக் கரையிலேயே இதற்குப் பதில் உண்டு.

2017 மார்ச்சில் காத்தான்குடியில் ஸஹ்ரான் குழுவினர் சூபி வழி நின்ற முஸ்லிம்களோடு மோதினர். ஸஹ்ரானால் ஆபத்து வருமென்று முறையிட்டவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. குழுவில் சிலர் கைதாயினர், அவரோ தலைமறைவானார்.

2018 நவம்பர் 30ஆம் திகதி வாவியின் மறுகரையில், வவுணதீவில், காவல் நின்ற இரு பொலிஸார் கொல்லப்பட்டனர். பழி முன்னாள் போராளி ஒருவர் மீது விழுந்தது. அவர் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார். ஒருமுறை கெட்ட பெயர் எடுத்தவன் சொல்லை எந்தக் கந்தோர் கேட்கும்? செய்தவர்கள் ஸஹ்ரானின் ஆட்கள் என்பது உயிர்த்த ஞாயிறுக்குப் பின்னரே வெளிப்பட்டது.

மேலிடத்திலும் இதே நோய்தான். 2018 ஒக்டோபர் முதல் தேசிய பாதுகாப்புச் சபைக்குத் தாம் அழைக்கப்படவில்லை என அன்றைய பொலிஸ் மாஅதிபரே பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் முன் கூறினார். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. 11ஆம் திகதி பிரமுகர்களைக் காக்கும் பொலிஸ் பிரிவுகளுக்குக் கடிதம் போனது. ஆலயங்களுக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. 21ஆம் திகதி நாடெங்கும் 250க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். மட்டுநகர் சீயோன் ஆலயத்தில் இறந்தவர்களுள் ஞாயிறு வகுப்பு முடிந்து நின்ற சிறுவர் பலர்.

2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியையும் நான்கு உயர் அதிகாரிகளையும் கடமை தவறியவர்களாகக் கண்டது. முன்னாள் ஜனாதிபதிக்கு மட்டும் 10 கோடி ரூபாய் நட்டஈடு விதித்தது. கீழே இருப்பவனைப் பேசு என்று சொன்னால் மட்டும் போதாது. கேட்கவேண்டியது மேலே இருப்பவனின் கடமை என்பதே இதன் பாடம்.

நமது திருச்சபையில் எப்படி? அந்தியோக்கியாவில் புனித இராயப்பரின் தவறை, பின்னர் வந்தவரான புனித சின்னப்பர் முகத்துக்கு நேரே கண்டித்தார். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1983இல் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 212ஆம் சட்டம், திருச்சபையின் நன்மை பற்றிய தம் கருத்தை ஆயர்களுக்கும் குருக்களுக்கும் தெரிவிப்பது விசுவாசிகளின் உரிமை, சில வேளைகளில் கடமையும் ஆகும் என்கிறது. பாலியல் துஷ்பிரயோகம் பற்றி முறையிடுவோரைப் பழிவாங்கவோ, மௌனமாயிருக்கும்படி கட்டாயப்படுத்தவோ கூடாதென்று பாப்பரசர் பிரான்சிஸ் 2019 மே மாதத்தில் சட்டம் விதித்தார்.

சட்டம் இருக்கிறது, ஆனால் பயமும் இருக்கிறது. பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கச் சுவாமியின் கடிதம் வேண்டும். நாளைக்குத் திருமணம், மரணம் என்று அவரிடமே போகவேண்டும். பங்குக் கணக்கில் பிழை கண்டாலும், "நமக்கேன் வம்பு" என்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் முணுமுணுப்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. இதை எழுதுகிற நானும் ஒரு குரு. பங்கில் எவரும் முறையிடவில்லை என்பதால் குறை இல்லையென்று நினைத்து நானும் ஏமாந்திருக்கிறேன்.

ஆகவே, குறை கண்டால் தனியே போகாதீர்கள். இருவர் மூவராகச் செல்லுங்கள். கண்டதை மட்டும் சொல்லுங்கள், கேள்விப்பட்டதைக் கலவாதீர்கள். எழுதிக் கொடுத்து, திகதியிட்டு, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். பங்குச் சபையிலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, மீனவர் சங்கத்திலோ தலைமை வகிப்பவர்கள், கடைசி வாங்கில் இருப்பவரை முதலில் பேச விடுங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் வீட்டில் யாருடைய சொல் கேட்கப்படுவதில்லை?

2. பிள்ளை ஒரு பெரியவரைப் பற்றி முறையிட்டால் முதலில் அதட்டுகிறோமா, கேட்கிறோமா?